முகவரி மாறினால் அறிவிக்க வேண்டும்

கொலோனில் நீதிமன்றத்துக்கும் அலுவலகங்களுக்கும் மொழிபெயர்க்கப் போவது என் தொழில். அகதி விசாரணை, விவாகரத்து, ஆஸ்பத்திரி என்று எத்தனையோ பேருடைய துயரத்தைப் பதினொரு வருடமாக இரண்டு மொழிகளிலும் சொல்லிவிட்டேன். ஒரு தடவைதான் குரல் வர மறுத்தது. அங்கே கேட்டதை வெளியில் சொல்ல எனக்கு அனுமதியில்லை. ஆகவே ஆளை அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் இங்கே மாற்றியிருக்கிறேன்.

அவர் ஐம்பதைத் தாண்டிய யாழ்ப்பாணத்தவர். ஒரு சிறுமிக்குச் செய்த பாலியல் குற்றத்துக்காகத் தண்டனைக் காலம் முழுவதையும் சிறையில் கழித்துவிட்டு வந்திருந்தார். அவரைக் கண்காணிக்கும் நன்னடத்தை அதிகாரி, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு ஜெர்மன் பெண். நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளை அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் தமிழில் சொன்னேன். ஐந்து வருடக் கண்காணிப்பு. மாதம் இரண்டு தடவை இங்கே வர வேண்டும். வீடோ வேலையோ மாறினால் அறிவிக்க வேண்டும். பள்ளிக்கூடம், விளையாட்டிடம், பிள்ளைகளைப் பராமரிக்கும் இடம் எதற்கும் அருகில் இருக்கக் கூடாது. பிள்ளைகளோடு தனித்திருக்கக் கூடாது. மீறினால் அதுவே புதிய குற்றம், மறுபடியும் சிறை. பொலிசும் வந்து பார்க்கும்.

அந்தச் சிறுமிக்கு அப்போது எட்டு வயது. என் மகளுக்கும் எட்டு. ‘பிள்ளைகள்’ என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தி, தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

“விளங்கினதோ?” என்றேன்.

“ஓம், பிள்ளை. விளங்குது.”

எங்கள் வழக்கப்படி நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கடைசிவரை வெறும் ‘நீங்கள்’ என்பதோடு சமாளித்தேன்.

அவர் போன பிறகு, மொழிபெயர்க்க வந்தவள் கேட்கக் கூடாத கேள்வியை அதிகாரியிடம் கேட்டேன். வேறு நாடுகளில் இப்படிப்பட்டவர்களின் பெயரும் படமும் முகவரியும் இணையத்தில் கிடக்கின்றன. இங்கே உங்களுக்கும் பொலிசுக்கும் மட்டும் தெரிந்தால் போதுமா?

அவர் கோபிக்கவில்லை. “ஊர் துரத்தினால் அவர் ஒளிந்துகொள்வார். பிறகு எங்கே படுக்கிறார் என்று எனக்கும் தெரியாமல் போகும்,” என்றார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை.

அந்த மனிதர் ஒரு விடுதி அறையில் தங்கியபடி எட்டு மாதம் வீடு தேடினார். கடைசியில் தூரத்து உறவினர் ஒருவர் மூலம் ஒரு கட்டிடத்தின் மாடியில் இரண்டு அறை வீடொன்று அமைந்தது. கையெழுத்து வைக்குமுன் அறிவித்தார். “போய்ப் பார்ப்போம்,” என்று அதிகாரி அவரையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மேல்வீட்டை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். அதிகாரியோ முழங்கால் வலியோடு, மழைத் தூறலில், அந்தக் கட்டிடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு மணி நேரம் நடந்தார். பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் எந்தப் பக்கத்தால் வருவார்கள், பஸ் எங்கே நிற்கும், வேலிக்குப் பின்னால் ஊஞ்சல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்துக் குறித்துக்கொண்டார். யாரென்றே தெரியாத பிள்ளைகளுக்காக ஒருவர் இப்படி நடப்பதை நான் அதற்குமுன் கண்டதில்லை. நானும் பின்னால் போனேன்.

“சரிபோல இருக்கிறது,” என்றார் கடைசியில்.

அதற்குள் வீட்டை மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வந்த அந்த மனிதர், படியடியில் நின்றார்.

“இங்கை என்னாலை இருக்கேலாது, பிள்ளை. அவவிட்டைச் சொல்லுங்கோ.”

“ஏன்?”

“கீழ்வீட்டு வாசலைப் பாருங்கோ. ஆறு சோடி சின்னச் சப்பாத்து. எல்லாம் ஒரே அளவு. ஒரு வீட்டுப் பிள்ளையளின்ரை மாதிரித் தெரியேல்லை. ஆரோ உள்ளுக்கை பிள்ளை பாக்கினம்.”

அதிகாரி மணியை அடித்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் மேசையைச் சுற்றி ஐந்தாறு சின்னஞ்சிறுசுகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அவள் வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறாள். வெளியில் பெயர்ப்பலகை எதுவும் இல்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் கவனியாமலே திரும்பியிருப்போம்.

“எட்டு மாசம் தேடின வீடு,” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

“ஓம். ஆனா எனக்கு என்னைத் தெரியும்.”

அந்த வார்த்தைகளை நான் ஜெர்மனில் சொல்ல வேண்டியிருந்தது. மிக மெதுவாகச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டு, சொன்னதற்கு நன்றி என்றார். நாளைக்குத் திரும்பவும் தேடலாம் என்றார்.

நான் அவரை மன்னிக்கவில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பது அந்தச் சிறுமியின் உரிமை, என்னுடையதல்ல. ஆனாலும் அன்று ட்ராமில் வீடு திரும்பும்போது, ஏதோ மிகப் பெரிய ஒன்றுக்கு அருகில் நின்றுவிட்டு வந்ததுபோல நெஞ்சு நிறைந்திருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் ஒன்றும் அறியாமல் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

நாலு மாதம் கழித்து, தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு பகுதியில் அவருக்கு ஒற்றை அறை வீடு கிடைத்தது. முகவரி மாற்றத்தை அறிவிக்கும் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அடுத்த கிழமை பொலிஸ்காரர் ஒருவர் போய் அழைப்பு மணியில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் போய்விட்டது; இன்னும் ஒரு வருடக் கண்காணிப்பு மீதமிருக்கிறது. இதுவரை அவர் ஒரு சந்திப்பைக்கூடத் தவறவிட்டதில்லை.