சீரியல் போர்ட் இல்லாத மதர்போர்டு

திருப்பூர் ராயபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: குறைந்த பட்ஜெட்டுக்கு எந்த பிராசசர் நல்லது? நான் அவர்களுக்கு செல்வமேரியின் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்வேன். அதில் ஒன்றைத் தவிர எல்லாப் பாகத்தையும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன்.

தம்பி எழுதிய பட்டியல்

செல்வமேரி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருடம் பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர். டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என்று ஒவ்வொரு துண்டையும் எல்லா சைஸிலும் அளவெடுத்து வரைந்து கொடுக்கும் வேலை. கம்பெனி வேறு ஊருக்கு மாறியபோது இவர் கூடப் போகவில்லை. மங்கலம் ரோட்டில் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறையிலேயே சொந்தமாகத் தொடங்குவது என்று முடிவு செய்து, நாற்பத்தைந்தாயிரம் பட்ஜெட்டோடு கடைக்கு வந்தார். அவருடைய தம்பி ஏதோ வீடியோ பார்த்து எழுதிய பட்டியலும் கையில் இருந்தது.

பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கே போயிருந்தது. கண்ணாடி வைத்த கேபினெட், அதில் கலர் லைட் எரியும் ஆறு ஃபேன். மானிட்டரே இல்லை. வீட்டு டிவியை மாட்டிக்கொள்ளலாம் என்று ஓரத்தில் குறித்திருந்தார்கள். பவர் சப்ளை இருப்பதிலேயே மலிவானது.

"இது கேம் விளையாடறவங்களுக்குங்க. நீங்க நாள் பூரா கோடுதான் வரையப் போறீங்க. கார்டு வேண்டாம், கண்ணு வலிக்காத மானிட்டர் வேணும்" என்றேன்.

அவர் உடனே நம்பிவிடவில்லை. "வெலை கூடுனத வேண்டாங்கிய அண்ணாச்சி. பொறவு ஓடலைன்னா நான் யார்ட்ட போயி கேக்க?"

நியாயமான கேள்வி. கடையில் கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் சொந்த கம்ப்யூட்டரில் அவருடைய சாஃப்ட்வேரைப் போட்டு, பென்டிரைவில் இருந்த பழைய பேட்டர்னைத் திறந்து கொடுத்தேன். ஐந்து சைஸையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, பெரிதாக்கி, சிறிதாக்கி, இழுத்துப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து தம்பியின் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு இருவரும் உட்கார்ந்து பாகங்களைத் தேர்ந்தெடுத்தோம். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் நடுத்தர பிராசசர், பதினாறு ஜிபி ராம், எஸ்எஸ்டி, இருபத்தேழு இன்ச் மானிட்டர், நம்பகமான பவர் சப்ளை. அவர் வீட்டை ஒட்டிப் பவர்லூம் ஓடுவதால் பஞ்சு பறக்கும். நிட்டிங் யூனிட்டில் இருந்து வரும் மெஷின்களைத் திறந்தால் ஃபேன் மேல் கம்பளி போல பஞ்சு படிந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அதனால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் வைத்த சாதாரண கேபினெட் போதும் என்றேன். மதர்போர்டில் இரண்டு மாடல் இருந்தது. இரண்டிலும் அதே பிராசசரும் அதே ராமும் பொருந்தும். மலிவானதை எடுத்து, மிச்சமானதில் ஒரு யுபிஎஸ் சேர்த்துக் கொடுத்தேன். சாமர்த்தியமாகச் செய்துவிட்டதாக எனக்கே ஒரு திருப்தி.

பழைய கம்பெனியின் பிளாட்டரை வாங்கப் போவதாக அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அகலமான காகிதத்தில் பேட்டர்னை வரைந்து தரும் மெஷின் அது. நானும் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன கேபிள் என்று கேட்கவில்லை.

சேராத கோடு

பத்து நாள் கழித்து மதியம் பன்னிரண்டு மணிக்கு போன் வந்தது. பிளாட்டர் தப்பாக வரைகிறதாம். அவருக்குக் கிடைத்த முதல் ஆர்டர். நாலு மணிக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனியின் மெர்ச்சண்டைசர் நேரில் வந்து பேட்டர்னை வாங்கிக்கொண்டு போவார்.

நான் போனபோது தரையெல்லாம் காகிதம். செல்வமேரி கைத்துண்டின் வளைவைக் காட்டினார். ஓரிடத்தில் தொடங்கிய கோடு சுற்றி வந்து, தொடங்கிய இடத்தில் சேராமல் அரை இன்ச் தள்ளி நின்றிருந்தது. ஸ்கிரீனில் அதே வளைவு சுத்தமாக இருந்தது.

கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. பிளாட்டரின் கேபிள் ஒன்பது பின் கொண்ட பழைய சீரியல் கேபிள். கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லாததால் கடைவீதியில் ஒரு யுஎஸ்பி கன்வர்ட்டர் வாங்கி மாட்டியிருந்தார். நான் கொண்டுபோன வேறு கன்வர்ட்டரைப் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன். இந்த முறை முன்பக்கத் துண்டு கோணியது. போகிற டேட்டா நடுவில் எங்கோ விட்டுப்போகிறது. விலை கூடுதல் என்று நான் ஒதுக்கிய மதர்போர்டில் சீரியல் போர்ட் எடுக்க வசதி இருந்தது. கொடுத்த மதர்போர்டில் இல்லை.

பழைய பிளாட்டருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"தப்பு என்னோடதுங்க. போர்டை மாத்திக் கொண்டாந்தர்றேன்."

"நீங்க மாத்திட்டு வாங்க. நான் அதுக்குள்ள கையால வரையுதேன்" என்றார். குரலில் கோபமில்லை. பிரவுன் காகிதத்தை விரித்து, ஸ்கேலை எடுத்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்தார்.

கேபினெட்டை ஸ்கூட்டரில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோய் மதர்போர்டை மாற்றினேன். மற்ற எந்தப் பாகமும் மாறவில்லை. திரும்பி வர மூன்றேகால் ஆகிவிட்டது. செல்வமேரி அதற்குள் மூன்று சைஸை முடித்திருந்தார். கேபிளைச் சொருகினோம். பிளாட்டர் வரைந்தது, கோடு சேர்ந்தது. அவர் அந்தக் காகிதத்தைத் தான் கையால் வரைந்ததன் மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"கை இன்னும் மறக்கல" என்றார்.

மெர்ச்சண்டைசர் அரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தார். அளவு டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கழற்றிய மதர்போர்டு அடுத்த வாரமே ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் கம்ப்யூட்டருக்குள் போனது. அங்கே அது நன்றாக ஓடுகிறது.

தாராபுரம்

அன்றிலிருந்து பாகங்களின் பேச்சை எடுப்பதற்கு முன் கம்ப்யூட்டர் இருக்கப் போகிற இடத்துக்கு ஒரு நடை போய்விடுகிறேன். அங்கே யார் உட்காருவார்கள், எதை அதில் சொருகுவார்கள் என்று கண்ணால் பார்க்காமல் விலை சொல்வதில்லை.

போன மாதம் தாராபுரத்தில் ஓர் உரக்கடைக்காரர் மூன்று புது கம்ப்யூட்டர் கேட்டிருந்தார். பில் போட நேரமாகிறதாம். போய் அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். கடையில் இருந்த மூன்று மெஷின்களிலும் குறையில்லை, பழைய ஹார்டு டிஸ்க்தான் இழுத்தது. மூன்றிலும் எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். அவர் பில் அடித்துப் பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஏனுங்க, புதுசு விக்க வந்துட்டு இதே போதுங்கறீங்க?"

"போதுங்க" என்றேன்.

டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருப்பூர் வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.