மூடியில் வைத்த பொட்டு

அப்பாவுக்கு மோட்டார் சைக்கிளைக் கழுவத் தெரியாது என்று அம்மா சொல்வாள். எருமையைக் குளிப்பாட்டுவது போலத்தான் குளிப்பாட்டுவார். ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அம்மா பக்கத்தில் நின்று, அங்கே ஊற்றாதீர்கள், இங்கே ஊற்றாதீர்கள் என்று தடுத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பத்து வயதான வருஷம் தடுக்க ஆளில்லை. ஆடி மாதம் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு திண்டிவனத்தில் இருந்த தாய்வீட்டுக்குப் போன அம்மா, புரட்டாசி முடியப்போகும் அந்தச் சமயத்திலும் திரும்பியிருக்கவில்லை. விழுப்புரத்தில் நானும் அப்பாவும் தினம் ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்று பக்கெட் தண்ணீரை வண்டியின் தலையோடு ஊற்றி, சோப்புப் போட்டு, மறுபடி ஊற்றினார் அப்பா. துடைத்து முடித்ததும் சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "நீயே வச்சிடும்மா" என்றார். அது அம்மாவின் வேலை. கிடைத்த பதவியை நான் குறைவில்லாமல் வகித்தேன். ஹெட்லைட், ஹேண்டில் பார், இரண்டு சக்கரம், நம்பர் பிளேட், ஒன்றையும் விடவில்லை. பெட்ரோல் டேங்க் மூடிக்கு மட்டும் தனி மரியாதையாக, சந்தனத்தை வழித்து அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. அம்மாவை அழைத்து வரப் போகிறோம். அம்மாவின் அண்ணன், என் பெரிய மாமா, கார்டு போட்டிருந்தார். நாள் நன்றாக இருக்கிறது, பத்தரைக்குள் வந்துவிடவும், பத்தரைக்கு ராகுகாலம் வந்துவிடும், அதில் பெண்ணை அனுப்புவதற்கில்லை. அப்பா அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டுத் தனக்காகவும் ஒருமுறை படித்துக்கொண்டார். திரும்பும்போது நான் முன்னால், அம்மா பின்னால் என்று நான் இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

எட்டு மணிக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம். விக்கிரவாண்டி தாண்டியதும் வண்டி இருமியது, திக்கியது, நின்றது. கழுவியபோது தண்ணீர் புகுந்துவிட்டது என்றார் அப்பா. பிளக்கைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, ஊதி, திரும்ப மாட்டினார். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்தார். இருந்தது. உதைத்ததும் வண்டி கிளம்பிவிட்டது. அப்பாவின் முதுகில் ஒரு பெருமை தெரிந்தது.

அந்தப் பெருமை ஏழெட்டு கிலோமீட்டர் ஓடியது. மறுபடி இருமல், மறுபடி பிளக், மறுபடி மூடி. கிளம்பியது, நின்றது. மூன்றாவது முறை நின்றபோது, சைக்கிளில் மல்லாட்டைக் கடலை மூட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"கழுவினீங்களா? தண்ணி பூந்துக்கினு இருக்கும் சார். வெயில்ல வுடுங்க, காஞ்சிடும்."

முக்கால் மணி நேரம் வெயிலில் விட்டோம். வண்டியோடு நாங்களும் காய்ந்தோம். அப்பா வாட்சைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

அதன்பின்னும் சற்றுத் தூரம்தான் ஓடியது. கூட்டேரிப்பட்டு வரை தள்ளிக்கொண்டுதான் போனோம். அங்கே மெக்கானிக் கடை திறந்திருந்தது, ஆனால் அவர் கை வைக்கவில்லை.

"ஸ்பேனருங்க எல்லாம் சாமிகிட்ட கெடக்குது சார். மறுபூஜ போட்டுத்தான் எடுப்பேன். இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க, கேக்கறேன்."

அப்பா ஒன்றுவிடாமல் சொன்னார். அவர் வெறுங்கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"நின்னப்பல்லாம் பெட்ரோல் மூடியத் தொறந்தீங்களா?"

"தொறந்தேன்."

"அப்பறம் ஓடுச்சு."

"ஓடுச்சு."

அவர் மூடியைத் திருகினார். உஸ் என்று காற்று உள்ளே போனது. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி, மூடியின் நடுவே காய்ந்திருந்த சந்தனத்தைக் குத்திச் சுரண்டினார். அடியில் ஒரு பொடி ஓட்டை இருந்தது.

"தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது வழியா காத்து போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும். யாரு சார் இவ்ளோ சந்தனம் அப்பினது?"

"நான்தான்" என்றார் அப்பா.

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

மாமா வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி பதினொன்றேகால். மாமா கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்தார்.

"ராகுகாலத்துல எப்பிடி மாப்ள அனுப்பறது? பத்தரைன்னு எழுதினேன் இல்லிங்களா?"

"வண்டி பேஜாரு பண்ணிடுச்சுங்க மச்சான். பொட்டு வைக்கிறேன்னு மூடிய அடச்சிட்டேன்."

அம்மா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. என் விரல் இடுக்கில் இன்னும் ஒட்டியிருந்த சந்தன மஞ்சளைப் பார்த்தாள். பிறகு என்னைக் கொல்லைப்பக்கம் அழைத்துப்போய் உட்கார வைத்து, யார் தலை பின்னியது என்று கேட்டாள். நானேதான் என்றேன். அவிழ்த்து, எண்ணெய் வைத்து, புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு இறுக்கிப் பின்னினாள். வலிக்குதும்மா என்றேன். "கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, இறுக்கினாத்தான் நாலு நாள் தாங்கும்" என்றாள்.

ஒரு மணிக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். அப்பா நிறைய சாப்பிடவில்லை. மாமா மழையைப் பற்றியும் கரும்பு வெட்டுவதைப் பற்றியும் பேசினார். நாலு மணிக்கு நாங்கள் இருவராகவே கிளம்பினோம். ஒரே உதையில் வண்டி கிளம்பி, விழுப்புரம் வரை ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. அந்த வண்டியின் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

விக்கிரவாண்டி தாண்டி அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். சந்தனம் வைத்தது நான்தானே என்றேன்.

"சந்தனம் இல்லம்மா. தண்ணிதான் பூந்துடுச்சு. கழுவினது நான்தான?"

மெக்கானிக் சொன்னதை அதற்குள் மறந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

விழுப்புரம் வீட்டுக்கு அம்மா அப்புறம் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு விரல் சந்தனத்தால் அம்மாவைத் தொலைத்தவள் என்ற எண்ணம் என்னோடு வளர்ந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சுமந்து சுமந்து அலுத்துப்போயிருந்தேன். என் கல்யாணத்துக்கு அப்பா நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரைப் புரட்டினேன். வெள்ளிக்கிழமை, ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை. அதுவரை நூறு தடவை பார்த்த வரிதான், அன்றைக்குத்தான் உறைத்தது.

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிந்துவிடும் என்று அந்தக் கூடத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நாங்கள் அங்கே நாலு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.