நானாவின் சைக்கிளும் நான் போட்ட பூட்டும்

அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன். என் கூடப்பிறந்த மூத்தவர் நானா மௌத்தாகி இந்தக் கிழமையோடு ஒரு வருடம். பிள்ளைகள் நினைவு மலர் அச்சடிக்கிறார்கள். நானாவின் மகள் பர்ஹானா பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். "சாச்சா, நீங்க எழுதுங்க. வாப்பாவோட நிறைய நாள் இருந்தது நீங்கதான்" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

நானா பிறந்தது பள்ளிவாசல்துறையில். நாங்கள் இரண்டே பேர். வாப்பா கடலுக்குப் போனவர். அவர் மௌத்தானபோது நானாவுக்குப் பதினான்கு வயது, எனக்கு எட்டு. அடுத்த கிழமையே நானா கரைவலை இழுக்கப் போனார். கருவாடு காயப்போட்டார். ஐஸ் உடைத்தார். உம்மாவையும் என்னையும் பட்டினி போடவில்லை. அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதும் இல்லை.

உம்மாவும் போன பிறகு கனமூலையில் பெண் எடுத்தார். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் போய் இருந்தார். போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "மாப்பிள ஒண்டு கேட்டா ரெண்டு வந்திருக்கு" என்று மதினியின் வாப்பா சிரித்தாராம். மதினி இன்றைக்கும் அதைச் சொல்வார். பிறகு நானும் அதே ஊரில் கலியாணம் கட்டினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கிணறுதான்.

நானா சைக்கிளில் மீன் விற்றார். விடிய சுபஹ் தொழுதுவிட்டுக் களப்புக் கரையில் மீன் எடுப்பார். சைக்கிளின் பின் கெரியலில் பலகைப் பெட்டி. கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சிங்கள ஊர்களுக்குப் போவார். சிங்கள ஆட்கள் எங்கள் ஆம்பிளைகளை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் அவர் எனக்கு மட்டும் நானா இல்லை. அந்த ஊர்களில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மீன் பழுதானால் விற்கமாட்டார். வழியிலேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு வெறும் பெட்டியோடு வருவார். மதினி ஏசுவார். நானா கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவார். அவ்வளவுதான்.

நோய் முதலில் வலது கையில் வந்தது. பிளேன்டீக் கோப்பை ஆடும். பிறகு நடை சுருங்கியது. பிறகு வாசல்படி வந்தால் நின்றுவிடுவார். கால் நிலத்தோடு ஒட்டினது போல. வீட்டு வாசலில் கதவைப் பிடித்து ஒருமாதிரி தாண்டிவிடுவார். பள்ளிவாசலில்தான் கஷ்டம். வெள்ளிக்கிழமை பின்னால் சனம் நெருக்கும். நானா படியில் நிற்பார்.

"என்ன நானா, வாசலுக்குக் காவலா?" என்று ஒருவர் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். நான் பின்னால் நின்றேன். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். அவர் விழப் பார்த்தார். தொழாமலே திரும்பினார். சுவரில் சாய்த்திருந்த சைக்கிளில் ஏறினார். போய்விட்டார். நல்ல வேகம்.

அதை எல்லோரும் பார்த்தார்கள். அன்றைக்கே கதை கிளம்பியது.

"பள்ளிக்குள்ள ஒரு எட்டு வைக்க ஏலா. சைக்கிள் மட்டும் காத்து மாதிரிப் போகுது."

"அது அவர் ஓடல்ல. வேற ஒண்டு ஓடுது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. மறைத்துப் பயனில்லை. மதினி வேண்டாம் என்றார். நான்தான் வெளியூரிலிருந்து ஓதிப் பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தேன். அவர் நானா போகிற பாதைகளை விசாரித்தார். குளக்கட்டு மரத்தடியில் பகல் சோறு சாப்பிடுவதைக் கேட்டார். "அங்கதான் ஜின் கெரியல்ல ஏறியிருக்கு. சைக்கிள இவர்ர கையில குடுக்காதீங்க" என்றார். நூல் கட்டினார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்.

நான் புத்தளத்துக்குப் போய்ச் சங்கிலியும் பூட்டும் வாங்கி வந்தேன். கிணற்றடித் தூணோடு சைக்கிளைக் கட்டினேன். பூட்டுத் திறப்பு என் சட்டைப் பையில்.

நானா சத்தம் போடவில்லை. "தம்பி, அத விட்டா எனக்கு வேற கால் இல்லடா" என்றார்.

"உங்கட நல்லதுக்குத்தான் நானா" என்றேன்.

எட்டு மாதம். நானா கதிரையிலேயே இருந்தார். உடம்பு நாளுக்கு நாள் இறுகியது. சட்டை போட ஆள் தேவைப்பட்டது. கதிரையிலிருந்து கிணற்றடி தெரியும். "செயினுக்கு எண்ணெய் போட்டியா?" என்று மதினியிடம் கேட்பார். பூட்டிக் கிடந்த சைக்கிளுக்கு மதினி வெள்ளிக்கு வெள்ளி தேங்காய் எண்ணெய் போட்டார். நான் தண்ணீர் அள்ளப் போகும்போது அதைப் பார்ப்பேன்.

பர்ஹானாதான் பொறுக்கவில்லை. கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை. கையை மடக்கிப் பார்த்தார். நடக்கச் சொல்லிப் பார்த்தார். பார்க்கின்சன் நோய் என்றார். காலில் பழுதில்லை, மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேருவதில்லை, வாசல்படி கண்டால் நின்றுவிடுவது இந்த நோயின் குணம் என்றார். பர்ஹானா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அப்ப சைக்கிள் மட்டும் எப்படி ஓடுறாரு?" என்று நான் கேட்டேன்.

"நடக்க ஏலாத எத்தனையோ பேர் சைக்கிள் ஓடுறாங்களாம் சாச்சா. அது புதினம் இல்லையாம். பக்கத்துல ஒராள் இருந்தா ஓட விடட்டுமாம். அதுதான் அவருக்கு நல்லமாம்."

"ஓட விடாட்டி?"

பர்ஹானா கேட்டார். டொக்டர் என்னைப் பார்த்து நேராகவே பதில் சொன்னார். அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கும். உடம்பு சீக்கிரம் இறுகிவிடும் என்றார்.



டொக்டர் ஒரு வித்தை காட்டித் தந்தார். நானா நின்றுவிட்டால், பக்கத்தில் இருக்கிறவர் தன் காலை முன்னால் குறுக்கே வைக்க வேண்டும். தாண்டச் சொல்ல வேண்டும். தாண்ட ஒன்று இருந்தால் கால் வரும். நான் காலை வைத்தேன். நானா தாண்டவில்லை.

"தாண்டினா இவன் வளர மாட்டான்" என்றார்.

பர்ஹானா அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. நானா தாண்டினார்.

வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினார். திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது. அவருடைய கன்னம் அதன் மேல் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்தேன். பொறுத்துக்கச் சொல்லி மாப்புக் கேட்கவில்லை. வாய் வரவில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் சைக்கிள் பயணம். அதுவும் பர்ஹானாவின் யோசனை. கனமூலையிலிருந்து திருகோணமலை வரைக்கும், மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடலுக்கு. இந்த நோய் என்னவென்று ஊர் ஊராகச் சொல்வது. தருகிறவர்களின் உதவியை மருந்து வாங்க வழியில்லாத நோயாளிகளுக்குச் சேர்ப்பது. ஓடினது நானா, பர்ஹானா, அவருடைய தம்பி அஸாம், நான். மருமகன், பர்ஹானாவின் புருஷன், திரிவீல் ஓட்டோவில் மதினியோடு பின்னால் வந்தார்.

ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை. "பொம்புளப் புள்ள றோட்டுல சைக்கிளா?" என்று ஒரு பெரியவர் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"அவ மிதிச்சா சக்கரம் சுத்தாதா?" என்றார் நானா. அவருக்குச் சத்தம் குறைந்துபோயிருந்த காலம். பெரியவர் இரண்டாம் தரம் கேட்டுத்தான் விளங்கிக்கொண்டார். பிறகு சிரித்துவிட்டார். புறப்பட்ட அன்று ஒரு குலை செவ்விளநீர் கொண்டுவந்தது அவர்தான்.

தூரப் பயணம் போனால் நாங்கள் மாப்புக் கேட்டுவிட்டுப் போவோம். அன்று சுபஹுக்குப் பிறகு முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். நானா ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "ஏதும் இருந்தா பொறுத்துக்கங்க" என்றார். அவர்களும் அப்படியே சொன்னார்கள். என்னிடம் வந்தார். கையைப் பிடித்தார். சொன்னார். நான் சொல்லவேண்டிய முறை. அவர் கையை விடாமல் நின்றார். அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. நான், "டயருக்குக் காத்து பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

முழுத் தூரமும் நானா ஓடவில்லை. பொய் எழுதக் கூடாது. காலையில் கொஞ்சம் ஓடுவார். பின்னேரம் அஸருக்குப் பிறகு கொஞ்சம். மற்ற நேரம் திரிவீலில் இருப்பார். அவர் இறங்கினதும் அவருடைய சைக்கிளை நான் ஓடினேன். என்னுடையதைத் திரிவீலுக்கு மேலே கட்டினோம். அது பாரமான சைக்கிள். முப்பது வருடம் அதில் மீன் பெட்டி ஏற்றி மேடு ஏறியிருக்கிறார். எனக்கு நொச்சியாகமை போவதற்குள் தொடை விட்டுப்போனது. அஸாம், "சாச்சா, ஜின் தள்ளுதா?" என்று கேட்டான். நானா திரிவீலுக்குள் இருந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நின்ற இடங்களில் பர்ஹானா இரண்டு பாஷையிலும் பேசினார். பேசி முடிந்ததும் நானா நடந்து காட்டுவார். இரண்டு எட்டில் நின்றுவிடுவார். பிறகு சைக்கிளில் ஏறி மைதானத்தைச் சுற்றுவார். சனம் எழும்பி நின்று பார்க்கும். ஹொரவப்பொத்தானைப் பக்கம் ஒரு பெண் தன் புருஷனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "எங்கட ஆளும் இப்படித்தான். நாங்க நூல் கட்டி வெச்சிருக்கம்" என்று அவருடைய கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் ஏழெட்டு நூல். நானா என்னைப் பார்த்தார். நான் சைக்கிள் பக்கம் திரும்பிக்கொண்டேன். இப்போது அந்த மனிதருக்கும் மருந்து போகிறது.

ஐந்தாம் நாள் திருகோணமலை. கடைசித் துண்டு நானா தானே ஓடினார். கடற்கரையில் இறங்கினார். மணலில் கால் நின்றுவிட்டது. தண்ணீர் இருபது முப்பது எட்டுத் தூரத்தில். பிள்ளைகள் பிடிக்க வந்தார்கள். நான் வேண்டாம் என்றேன். முன்னால் போய், அவரைப் பார்த்துக்கொண்டு நின்று, என் காலைக் குறுக்கே வைத்தேன்.

"நானா, சைக்கிளப் பூட்டினது நான். எனக்கு மாப்புத் தாங்க" என்றேன்.

நானா என் காலைப் பார்த்தார். கடலைப் பார்த்தார்.

"எட்டு மாசம்டா தம்பி" என்றார்.

நான் காலை எடுக்கவில்லை. பிறகு தாண்டினார்.

"மத்தக் கால வை" என்றார்.

நான் பின்னுக்கு நடந்து நடந்து கால் வைத்தேன். அவர் தாண்டித் தாண்டி வந்தார். தண்ணீர் வரை அப்படியே போனோம். மாப்புத் தந்தேன் என்று அவர் சொல்லவில்லை. தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். முதல் வருடம் ஒவ்வொரு வெள்ளியும் பள்ளிவாசல் படியில் நான் கால் வைப்பேன். அவர் தாண்டி உள்ளே போவார். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாம் வருடம் சைக்கிளும் ஏலாமல் போனது. பிறகு சோறு விழுங்க ஏலவில்லை. மதினி கஞ்சியைக் கரண்டியால் கொடுப்பார். ஒரு கோப்பைக்கு ஒரு மணித்தியாலம் போகும். கடைசியில் சத்தமே வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன். மறுபடியும் கேட்டிருக்கலாம். பதில் சொல்ல அவருக்குச் சத்தம் இல்லை. அந்த நிலையில் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

ஒரு வியாழன் சுபஹுக்கு ரூஹு பிரிந்தது. வெயிலுக்கு முன்னமே அவர் மீன் விற்ற ஊர்களின் சிங்கள ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சந்தியில் நின்று, "மாளு நானாகே கெதர?" என்று மீன்கார நானாவின் வீட்டுக்கு வழி கேட்டிருக்கிறார்கள். தொப்பி இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

பகல் லுஹர் தொழுகைக்கு நானாவின் ஜனாஸாவைப் பள்ளிக்குக் கொண்டுபோனோம். நான் முன்னால் போனேன். படி வந்தது. நான் அறியாமலே என் கால் குறுக்கே போய் நின்றது.

"சாச்சா, கால எடுங்க" என்றான் அஸாம். சந்தூக்குப் பெட்டியின் முன் தண்டு அவனுடைய தோளில்.

எடுத்தேன். நானா நிற்காமல் உள்ளே போனார்.

தொழுகைக்கு முன் அஸாம் சபையில் சொன்னான். "எங்கட வாப்பாவால யாருக்கும் ஏதும் குறை இருந்தா பொறுத்துக்கங்க" என்றான். அது வழக்கம். மௌத்தானவருக்குக் குறை செய்தவன் எழும்பிச் சொல்ல ஒரு வழக்கம் இல்லை. ஆகவே இதில் எழுதுகிறேன். நானாவைப் பிடித்தது ஜின் இல்லை. நோய். அவர் பள்ளியை வெறுக்கவில்லை. கால் வரவில்லை. அவருடைய சைக்கிளை எட்டு மாதம் பூட்டி வைத்தது அவருடைய தம்பியாகிய நான். அன்று பள்ளி வாசலில் தள்ளியதும் நான்தான்.

கூட இருந்து உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். கொழும்பு டொக்டருக்கு. வழியெல்லாம் சோறும் படுக்க இடமும் தந்த எல்லா ஊர்ச் சனத்துக்கும். அனுராதபுரத்தில் கூலி வாங்காமல் சக்கரம் நெளிவெடுத்துத் தந்த சைக்கிள் கடைக்காரருக்கு. குளிப்பாட்டியவர்களுக்கு, கபுறுக் குழி வெட்டியவர்களுக்கு, செவ்விளநீர் தந்த பெரியவருக்கு. ஆறு வருடம் முகம் சுளிக்காத மதினிக்கு. மலரைக் கையில் எடுக்கிறவர்கள் நானாவின் மறுமைக்காக ஒரு துஆ கேளுங்கள். எனக்குக் கிடைக்க வேண்டிய மாப்புக்காகவும் கேளுங்கள்.

சைக்கிள் கிணற்றடியில் நிற்கிறது. மதினி இன்னும் செயினுக்கு எண்ணெய் போடுகிறார். இந்த நோய் உள்ள யாருக்கும் தேவையென்றால் வந்து எடுத்துப் போகலாம். கேட்கத் தேவையில்லை. பூட்டு இல்லை.