கப்பல் நின்ற பிறகு வந்த அத்தியாயங்கள்

கடிதம் வந்தால் வாலண்டைன் முதலில் உறையைத்தான் படிப்பார். முத்திரை எந்த ஊருடையது, ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே உள்ளே இருப்பதை எடுப்பார். மலாயாவில் கெலாங் பாத்தாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் ஆங்கிலம் படித்து, இருபத்திரண்டு வயதில் அதே தோட்டத்துக்குக் கணக்கெழுதும் கிராணியானவர். காலையில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும்போது "இருக்கேன்" என்ற குரலை மட்டும் கேட்டுக் கோடு போடமாட்டார். முகத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் குணத்தால் துரைமாரிடம் அவருக்கு நல்ல பேர் இருந்தது. நண்பர்கள்தான் இல்லை.

மனைவி செசிலியா வேறு மாதிரி. போருக்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு கடைக்குச் சென்னையிலிருந்து கப்பலில் வார இதழ் வரும். அதில் ஓடிய சரித்திரக் காதல் தொடரை வாராவாரம் பிரித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள். ஒரு சிற்றரசனின் மகள். அவளை விட்டுக் கடல் கடந்து போன கப்பல் தலைவன். வாலண்டைன் ஒருமுறை நாலு பக்கம் படித்துப் பார்த்தார். அதில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. குதிரைகள் களைக்கவில்லை. நல்லவன் கடைசிவரை நல்லவனாகவே இருந்தான். எழுதியவன் எதையோ மறைக்கிறான் என்று மூடி வைத்துவிட்டார்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் கப்பல் நின்றது. தொடரும் அதோடு நின்றது. இளவரசி கையில் விளக்கோடு ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கிறாள். கடைசித் தாளின் அடியில் 'தொடரும்' என்று இருந்தது.

இரண்டு வருடம் ஆயிற்று. ரப்பர் வாங்க ஆளில்லை. மரங்களுக்கு நடுவே மரவள்ளி நட்டுத் தின்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிராணியின் வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் அகப்பட, ஜப்பான்காரர்களை எதிர்த்துக் காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்களுக்குத் தகவல் கொடுத்தான் என்று அவனைக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. வரும் திங்கட்கிழமை இங்கேயும் வீடு வீடாகச் சோதனை என்று ஆபீசுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாலண்டைன் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில்தான் அவருக்குத் தோட்டத்துக் கூலிக்காரி அங்கம்மாவின் மேல் சந்தேகக் கண் விழுந்தது. அவளுடைய புருஷன் காளியப்பன் சயாமில் ரயில் பாதை போடப் போனவன். இந்தத் தோட்டத்திலிருந்து பன்னிரண்டு பேர் வேண்டும் என்று ஜப்பான்காரர்கள் கேட்டார்கள். பன்னிரண்டு பேரை எழுதிக் கொடுத்தது வாலண்டைனின் கை. அன்றிலிருந்து அவள் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் தினமும் கூடையோடு அவர் வீட்டு அடுப்படிக்கு வந்து போவது ஏன்?

புதன்கிழமை சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"வந்துட்டாரா?" என்றாள் அங்கம்மா.

"இன்னும் இல்ல. வெள்ளிக்கிழமை தெரிஞ்சிரும்" என்றாள் செசிலியா. அவர் உள்ளே நுழைந்ததும் பேச்சு மரவள்ளிக்கு மாறியது.

மறுநாள் மத்தியானம் தன் வீட்டைத் தானே சோதனை போட்டார். மாதா படத்துக்குப் பின்னால் ஒரு தாள் மடித்துச் செருகியிருந்தது. வேலையாட்களின் பேர் எழுதும் செக்ரோலின் பழைய தாள் ஒன்றின் பின்பக்கம். பென்சிலில் மனைவியின் எழுத்து. 'பொழுது சாய்ந்ததும் கழிமுகத்துக்குப் படகு வரும். ஒற்றை விளக்கு என்றால் வரலாம். இரட்டை விளக்கு என்றால் காவல் இருக்கிறது. அடுத்து அங்கம்மா.'

வாலண்டைன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு பேருக்குப் பழி வாங்க அங்கம்மா செசிலியாவைக் காட்டுக்காரர்களோடு சேர்த்து மாட்டிவிடுகிறாள் என்று கணக்குப் போட்டார். மனைவியிடம் கேட்டுவிடலாம். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் அதுவும் அவருக்குத் தெரிந்ததாகிவிடும். அடி விழுந்தாலும் தெரிந்ததை மறைத்துவைக்கும் உடம்பு தன்னுடையது என்று அவர் தன்னைக்கூட நம்பவில்லை. அதனால் கேட்கவில்லை. தாளை இருந்தபடியே செருகி வைத்தார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செசிலியா கூடையோடு புறப்பட்டதும் பின்னாலேயே போனார். ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் பழைய புகைவீட்டுக்குள் அவள் நுழைந்தாள். உள்ளே ஏழெட்டுப் பெண்கள். பலகை இடுக்கில் காதை வைத்தார். செசிலியா அந்தத் தாளைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்து முடித்துவிட்டு, "இளவரசி இன்னும் விளக்கை ஏத்தல. அங்கம்மா, இந்த வாரம் உன் முறை, நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்" என்றாள்.

நின்றுபோன தொடரை வாரம் ஒருத்தியாக வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். 'வந்துட்டாரா' என்று அங்கம்மா கேட்டது கப்பல் தலைவனை.

அவருக்கு மூச்சு வந்தது. அதோடு கோபமும் வந்தது. கதவைத் தள்ளி உள்ளே போனார்.

"திங்கக்கிழமை சோதனை வருது. இந்தத் தாளப் பாத்துட்டு யாரு படகு, எந்தக் காவல்னு கேப்பான். இது இளவரசி கதைன்னு அவன்கிட்ட யாரு சொல்லப் போறா?"

"புஸ்தகத்தக் காட்டினா நம்புவான்லா" என்றாள் செசிலியா.

பின்வரிசையிலிருந்து ராமலட்சுமி, "கிராணி ஐயா படிச்சுப் பாத்தே நம்பல, ஜப்பான்காரன் எங்க நம்பப் போறான்" என்றாள். இரண்டு பேர் சிரித்து உடனே அடக்கினார்கள்.

எழுதிய தாள்களை எல்லாம் வாங்கிப் புகை அடுப்பில் போட்டுப் பற்றவைத்தார். தைத்த புத்தகத்தையும் கேட்டார். செசிலியா 'தொடரும்' என்றிருந்த கடைசித் தாளை மட்டும் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டு மற்றதைக் கொடுத்தாள். அவர் கையை நீட்டியபடியே நின்றார். அவள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள்.

எல்லாம் எரிந்து முடிந்தது. பிறகு அங்கம்மா தலையை நிமிர்த்தி, பல மாதங்களுக்குப் பின் முதன்முறையாக, அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தாளு போனா போவுது. இன்னிக்கு என் முறை. இருந்து கேட்டுட்டுப் போங்க, கிராணி ஐயா." கதையைத் தொடங்கினாள். "படகு வருது. அதுல அவரு இல்ல. அவரோட சேத்து போனவங்க பன்னண்டு பேரு. பேரு எழுதி அனுப்புனவன் கரையிலதான் நிக்கிறான். இளவரசி அவன்கிட்டயே கேக்குறா. நீதான எழுதுன, சொல்லு, வருவாரா?"

செசிலியா கணவனைப் பார்க்கவில்லை. வாலண்டைன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது" என்றார். "செத்துட்டாங்க, பன்னண்டு பேரு பேரையும் செக்ரோல்லேர்ந்து அடிச்சிருன்னு போன மாசமே ஆபீசுல சொன்னாங்க. நான் அடிக்கல. யாரோ சொன்னான்னு ஒரு பேர அடிக்கிற ஆள் நான் இல்ல. காளியப்பன் பேரு செக்ரோல்ல இருக்கு."

அங்கம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப இளவரசி நிக்கட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை வந்தவர்கள் மாதா படத்தைத் திருப்பிப் பார்த்து, மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாலண்டைன் புகைவீட்டு வாசலில், உள்ளேயும் வெளியேயும் இல்லாமல், உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வற்றும் நேரத்தில் கழிமுகத்தில் படகு தரைதட்டும் என்று குறை சொன்னார். அந்தக் கப்பல் தலைவன் மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஆனால் படகு எந்த நேரத்துக்கு வந்தால் சரியாக இருக்கும் என்று அங்கம்மா கேட்டபோது, விரல்விட்டு எண்ணிப் பார்த்துச் சொன்னார்.