சிங்கப்பூரில் இருந்தவன்

ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தேன். அதே காலம் முழுவதும் மலேசியாவில் லிங்கிப் பக்கம் எங்கள் வீட்டின் பின் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்தும் கிடந்தேன். இரண்டும் ஒரே ஆளால் எப்படி முடியும் என்று என் அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முன்னால் எனக்கு உண்மையாகவே ஒரு வேலை இருந்தது. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். விடியும் முன்பே செம்பனைத் தோட்டத்து ரோட்டில் மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவேன். ஒரு நாள் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. காலைத் தரையில் வைக்க வேண்டும் என்று தெரிகிறது, வைக்க முடியவில்லை. மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளில் வேலை போய்விட்டது. பல் விளக்குவதே மலைப்பாக இருந்தது. அப்பா சோம்பேறி என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் திட்டியதைவிட நான் என்னைத் திட்டிக்கொண்டதுதான் அதிகம்.

சிரம்பானில் நடந்த மாமா மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மண்டபத்தில் யாரோ "மவன எங்க காணோம்?" என்று கேட்டார்களாம். அம்மாவின் வாயில் சிங்கப்பூர் வந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா என் மோட்டாரைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் கன்வஸ் போட்டு மூடினார். அன்றிலிருந்து இருமல் வந்தால் தலையணைக்குள் இருமப் பழகிக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கினால் எங்கள் வீட்டுக் கூடம் முறுக்குக் கடையாகிவிடும். அம்மா ஆர்டர் எடுத்துச் செய்வார். முறுக்குப் பிழிய அடுத்த வீட்டு அத்தை தினமும் வருவார். சொந்தம் இல்லை, பக்கத்து வீடு என்பதால் அத்தை. அவர் மகனும் நானும் ஒன்றாகப் பந்து விளையாடியவர்கள். அவனுக்கு நைட் ஷிஃப்ட் என்று அத்தை சொல்வார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓடும் லோங்காங் சாக்கடைக்கு அந்தப் பக்கம், என் ஜன்னலுக்கு எதிரே அவன் ஜன்னல். பகல் முழுக்கத் திரை மூடியே இருக்கும். அவனாவது ராத்திரியில் வேலைக்குப் போகிறானே என்று பார்த்துப் பொறாமைப்படுவேன்.

என் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் அப்பா அடித்த பலகைத் தடுப்பு மட்டும்தான். பேசுவதெல்லாம் கேட்கும். ஒரு நாள் அம்மா அத்தையிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப சூப்பர்வைசரா ஆக்கிட்டாங்களாம் மதினி. மொதலாளி இவன கேக்காம ஒன்னும் செய்யமாட்டாராம் லா."

படுத்தபடியே எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. சிங்கப்பூரில் இருந்தவன் செவ்வாய்க்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனான். நன்றாகச் சாப்பிட்டு உடம்பு போட்டிருந்தான். நேற்றுகூட வீடியோ காலில் சிரித்தான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. அவனைப் பற்றிப் பேசும்போது அம்மாவின் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்குச் சோறு கொண்டுவரும்போது அது இருக்காது. தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என் காலைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். பல நாள் அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டே அழுதிருக்கிறேன்.

ஒரு நாள் அத்தை கேட்டேவிட்டார். "தம்பிகிட்ட சொல்லி என் பையனுக்கும் அங்க ஒரு வேல பாத்துக் குடுங்க மதினி. புண்ணியமா போவும்."

அம்மா வசமாக மாட்டிக்கொண்டார். "தீபாவளிக்கு வர்றான் மதினி. நேர்லயே கேட்டுக்குங்க."

அன்று மாலை அம்மா என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டம் தயாராக இருந்தது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு விடிகாலையில் அப்பா காவலுக்கு நிற்கும் ஜாகா வேலைக்குப் போகும்போது என்னைக் காடியில் ஏற்றிப் போர்டிக்சன் பஸ் நிலையத்தில் இறக்கிவிடுவார். நான் மதியத்துக்கு மேல் பெட்டியோடு முன்வாசல் வழியாக வர வேண்டும்.

"ஒரு நாளைக்கு மட்டும்யா. சிரிச்ச மொகமா நாலு வார்த்த பேசு போதும். அப்புறம் நீ படுத்துக்க."

சரி என்றேன். அம்மாவுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தச் சிங்கப்பூர்க்காரனை எப்படியாவது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்திருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒன்றைச் செய்ய வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான். அந்த நாள் காலையில் குளிக்க வெகுநேரம் பிடித்தது. சட்டையை மாட்டிவிட்டுக் களைத்துப்போய் மறுபடி படுத்தேன், பிறகு எழுந்தேன்.

பெட்டி காலியாகத் தெரியக் கூடாது என்று அம்மா என் தலையணையை உள்ளே திணித்து ஜிப்பை இழுத்திருந்தார். இறக்கிவிடும்போது அப்பா, "சீக்கிரமா வீட்டுக்குப் போயிராத, பஸ் அந்நேரத்துக்கு வராது" என்றார்.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறிக் கண்ணைக் குத்தியது. எனக்கு வந்திருப்பது வியாதி என்று போனில் எப்போதோ படித்திருந்தேன், வைத்தியம் இருக்கிறது என்றும் படித்திருந்தேன். இத்தனை நாள் குறுக்கே நின்றது அந்தக் கட்டில்தான். இப்போது கால் தரையில் இருக்கிறது. இதை விட்டால் மறுபடி எப்போது இவ்வளவு தூரம் வருவேன் என்று தெரியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்கு நடந்தேன்.

முகப்பில் இருந்த பெண் என்ன செய்கிறது என்று மலாயில் கேட்டார். இந்த வியாதிக்கு மலாயில் எனக்கு வார்த்தை தெரியாது. எழுந்திருக்க முடியவில்லை என்று நின்றுகொண்டே சொன்னேன். அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கே சிரிப்பு வந்தது. நான் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தபடி என் நம்பருக்காகக் காத்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எவ்வளவு காலமாக என்று கேட்டார். சாக வேண்டும் என்று தோன்றியதா என்றும் நேராகவே கேட்டார். தோன்றியது என்று சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதிரவில்லை, அதட்டவும் இல்லை. இது மனச்சோர்வு, சோம்பேறித்தனம் இல்லை என்றார். மாத்திரை உடனே வேலை செய்யாது, நானாக நிறுத்தக் கூடாது, அடுத்த தேதிக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றார். இன்றுவரை ஒரு தேதியைக்கூட விட்டதில்லை. இப்போதும் கால் தரைக்கு இறங்காத நாள்கள் உண்டு. அன்றைக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் படுப்பேன்.

மதியத்துக்கு மேல் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் அம்மாவும் அத்தையும் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார்கள். "வாய்யா, வா! பஸ்சு லேட்டா?" என்றார் அம்மா. குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஒடம்பு போட்டிருக்கன்னு சொன்னாங்க, இப்படி எளச்சிட்டியே தம்பி. சிங்கப்பூர் சாப்பாடு ஒத்துக்கலையா?" என்றார் அத்தை.

நான் பெட்டியைத் திறந்து தலையணையை எடுத்துப் பாய்மேல் போட்டேன்.

"நான் சிங்கப்பூருக்குப் போவவே இல்லத்த. இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கந்தான் கெடந்தேன். மனசுல சீக்கு. இப்ப டாக்டர பாத்துட்டு வர்றேன்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது. அத்தை சிரிப்பார் அல்லது கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் ஒட்டிய மாவை முந்தானையில் துடைத்தார், வாசலை ஒரு பார்வை பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"எந்த டாக்டரு தம்பி?"

எனக்கு விளங்கவில்லை.

"என் பையனுக்கு நைட் ஷிஃப்டும் இல்ல, ஒரு ஷிஃப்டும் இல்லய்யா. கதவ சாத்திக்கிட்டுக் கெடக்கான். சிங்கப்பூர் போனாலாவது எந்திரிப்பானான்னுதான் கேட்டேன்."

அம்மா நிமிர்ந்தார். இருவரும் தினமும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே மாவைப் பிழிந்தவர்கள். "மதினி" என்றார் அம்மா. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கட்டிலில் விழ வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தக் கட்டிலைப் போன்ற இன்னொன்று பக்கத்து வீட்டில் இருப்பது தெரிந்த பிறகு எப்படிப் படுப்பது? பின்கதவைத் திறந்து லோங்காங்கைத் தாண்டி அந்த ஜன்னலைத் தட்டினேன்.

"டேய், நாந்தான். தீபாவளி கழிஞ்சதும் கிளினிக்குப் போறோம். எந்திரிக்க முடியலன்னா பரவால்ல, மொதல்ல ஜன்னல தொற."

காதை வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ தலையணைக்குள் இருமினார்கள். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். மறுபடி தட்டினேன்.