எதிர் பிளாக் பால்கனியில் விழுந்த கேமரா

1. மாமா ஹெலிகாப்டரின் மேல்கூட்டைக் கழற்றினார்.
2. கேமராவை நான் அதன் வயிற்றில் கட்டினேன்.
3. வீட்டுக்குள் ஒருமுறை சோதித்துப் பார்த்தோம். நன்றாகப் பறந்தது.
4. வெயில் வரும்வரை காத்திருந்து, பார்க்கில் பறக்கவிட்டோம்.
5. அது எதிர் பிளாக்கின் முதல் மாடிப் பால்கனியில் போய் விழுந்தது.
6. அன்று மதியம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. ஒரு பொம்மை தொலைந்ததற்காகப் பெரியவர்கள் பட்டினி கிடப்பார்களா? எனக்குப் பத்து வயது. விட்டுப்போனது மூன்றாவது வரியில் இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

அப்போது நாங்கள் கோல் மார்க்கெட் பக்கத்தில் பழைய அரசு குவார்ட்டர்ஸில் இருந்தோம். அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருந்தோம் என்று சொல்வதுதான் சரி. அப்பா கனாட் பிளேஸில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்தார். அவருக்கு அரசு வீடு கிடைக்க வழியே இல்லை. வீடு வேறொருவர் பெயரில் ஒதுக்கப்பட்டது. அவர் நொய்டாவில் சொந்த ஃப்ளாட்டில் குடியிருந்துகொண்டு, இதை எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். வாசல் பலகையில் அவர் பெயர் இருந்தது. சின்ன அறையில் அவருடைய டிரங்குப் பெட்டியும், ஒரு மடக்குக் கட்டிலும், ஆணியில் அவருடைய ஸ்வெட்டரும் இருந்தன. அந்த ஸ்வெட்டரை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அம்மாதான் அவ்வப்போது அதை வெயிலில் போட்டு எடுத்து மாட்டுவாள். அவரை நான் பெரியப்பா என்று கூப்பிட்டேன். அப்பாவின் கூடப் பிறந்த அண்ணன் என்றே நம்பினேன்.

உள்வாடகை பிடிபட்டால் ஒதுக்கீடு ரத்தாகும். குடியிருப்பவர்கள் சாமான்களோடு வெளியே போக வேண்டியதுதான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பக்கத்து பிளாக்கில் ஒரு குடும்பத்தின் கட்டிலும் பீரோவும் சமையல் பாத்திரங்களும் புல்தரையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். வீடு மாறுகிறார்கள், லாரி தாமதமாகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த வாரம் வீடு வீடாகச் சோதனைக்கு அரசாங்க ஆட்கள் வரப்போவதாகப் பால்காரர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா பட்டாணி உரித்தபடி எனக்குப் பாடம் நடத்தினாள். எங்கள் வீட்டில் பேசுவது திருநெல்வேலித் தமிழ்.

"யாராவது வந்து கேட்டா என்ன சொல்லணும்?"

"பெரியப்பா ஆபீஸுக்குப் போயிருக்காவ."

"நாம யாரு?"

"அவுக தம்பி குடும்பம். அப்பாவோட முதுகுவலி வைத்தியத்துக்கு வந்திருக்கோம்."

"எப்ப வந்தோம்?"

"போன மாசம்."

"எப்பப் போவோம்?"

"பொங்கலுக்கு."

"பெரியப்பா எங்க படுப்பாவ?"

"சின்ன ரூம்ல. மடக்குக் கட்டில்ல."

தரையில் உட்கார்ந்து ஹெலிகாப்டரின் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா சிரித்தார். அம்மாவின் தம்பி, வேலை தேடி டெல்லிக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தவர். "எக்கா, நான் இண்டர்வியூவுக்குக் கூட இவ்வளவு படிக்கல."

"நீ வாயப் பொத்துல. ஒன்னைய யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"ஹெலிகாப்டர் ரிப்பேர் பாக்க வந்த ஆளுன்னு சொல்லுதேன்."

வருடக்கணக்காக இருக்கும் வீட்டுக்குப் போன மாதம்தான் வந்தோம் என்று சொல்வது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. வேண்டாதவர்கள் போனில் கூப்பிட்டால் அப்பா குளிக்கிறார் என்று சொல்வோமே, அதுபோல இதுவும் ஒரு வழக்கம் என்று எடுத்துக்கொண்டேன். என் கவனமெல்லாம் கேமராவில் இருந்தது.

பள்ளிக் கண்காட்சிக்கு எங்கள் குவார்ட்டர்ஸை மேலிருந்து படம் பிடித்துக் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். மாமா பாலிகா பஜாரில் பேரம் பேசி இரண்டு பொருள்கள் வாங்கி வந்திருந்தார். ஒன்று, ஒரு சாணுக்குச் சற்றுப் பெரிய ரிமோட் ஹெலிகாப்டர். மற்றொன்று, கார் சாவி மாதிரி செய்யப்பட்ட கேமரா. இரண்டையும் அப்படியே சேர்த்துக் கட்டினால் ஹெலிகாப்டர் தரையைவிட்டு எழும்பவே இல்லை. அதனால் எடையைக் குறைத்தோம். ஹெலிகாப்டரின் பிளாஸ்டிக் கூடு போயிற்று. கேமராவின் சாவி வடிவ உறையும் போயிற்று; நகமளவு லென்ஸும் ஒரு சின்ன சர்க்யூட் பலகையும் பேட்டரியும் மிஞ்சின. மூக்கில் கட்டினால் முன்னாலேயே ஓடியது. சரியாக நடுத்தண்டின் கீழே கட்டினோம். இறக்கையின் அதிர்வில் படம் கூழாகத் தெரிந்தது. அப்பாவின் பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி இடையில் வைத்தோம். அதற்குப் பிறகு படம் தெளிந்தது.

அந்தக் காலைச் சோதனையில் ஹெலிகாப்டர் ஹாலைச் சுற்றிப் பறந்து, அம்மாவின் பட்டாணித் தட்டுக்குப் பக்கத்தில் இறங்கியது. கேமராவை நிறுத்த நான் மறந்துவிட்டேன். பாடம் அப்போதுதான் நடந்தது.

பனிமூட்டம் விலகியதும் கீழே பார்க்குக்குப் போனோம். படம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நாங்கள் வெயிலுக்காகவே காத்திருந்தோம். அந்த வெயில்தான் கெடுத்தது. எங்கள் ஹெலிகாப்டரின் ரிமோட், டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது. வெயிலிலும் அதே கதிர் இருக்கிறது. வீட்டுக்குள் சொன்ன பேச்சைக் கேட்ட ஹெலிகாப்டர், வெயிலில் கண் கூசி, யார் கூப்பிடுகிறார்கள் என்றே தெரியாமல் போய்விட்டது. ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஆன்ட்டிகளின் தலைக்கு மேலே ஏறியது. கடைசியாகக் கிடைத்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே போயிற்று. எதிர் பிளாக்கின் முதல் மாடிப் பால்கனியில் தொங்கிய பெட்ஷீட் திரைக்குப் பின்னால் விழுந்தது.

அது செக்ரெட்டரி அங்கிள் வீடு. பிளாக் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். சோதனைக்கு வருகிறவர்கள் முதலில் அவர் வீட்டில் டீ குடித்துவிட்டு, யார் யார் வீட்டைத் தட்டலாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள்.

மாமா போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். "தர மாட்டேங்காரு. பார்க்ல பொம்பளைங்க உக்காந்திருக்காங்க, அவங்களப் படம் புடிச்சியான்னு கேக்காரு. முதல்ல நான் பாக்குதேன், அப்புறம் போலீஸுக்குச் சொல்லணுமான்னு முடிவு பண்ணுதேன்னுட்டாரு."

"பாத்தா பாக்கட்டும். அதுல என்ன இருக்கு?" என்றாள் அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். நான் பெருமையாகச் சொன்னேன்: "ரெண்டு வீடியோ இருக்கும்மா. ஒண்ணு பறந்தது. ஒண்ணு காலையில நீ கேள்வி கேட்டது. குரல்கூடப் பதியும்."

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனால் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டேன். தலை வாராமல் இருந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டோம் என்று கோபம் போலிருக்கிறது.

"நாமளே போய்க் கேட்டா என்னத்துக்கு இம்புட்டுப் பதட்டம்னு நினைப்பாரு," என்றார் அப்பா.

"கேக்காம இருந்தா?" என்றாள் அம்மா.

"அதுவும் அப்படித்தான்."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அம்மா பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, திறந்து பார்த்து, மூடி, திரும்பவும் மேலே ஏற்றினாள். அப்பா ஜன்னல் ஓரமாகவே நின்றார். செக்ரெட்டரிக்குத் தமிழ் தெரியாதே என்றார் மாமா. தெரிந்தவர்கள் இந்த குவார்ட்டர்ஸில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அப்பா திருப்பிக் கேட்டார்.

இருட்டுகிற நேரத்தில் செக்ரெட்டரி அங்கிளே வந்தார். ஒரு கையில் லேப்டாப், மறு கையில் வால் ஒடிந்த ஹெலிகாப்டர். வாசல் பலகையைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். அம்மாவின் குரல் எங்கள் ஹாலில் கேட்டது: யாராவது வந்து கேட்டா என்ன சொல்லணும்?

"இது என்ன பாஷை, பேட்டா?" அவர் இந்தியில் என்னிடம் கேட்டார். அப்பாவுக்கு இந்தி தெரியும் என்று அவருக்குத் தெரியும். இருந்தும் என்னிடம்தான் கேட்டார்.

"தமிழ், அங்கிள்."

"அம்மா என்ன சொல்றாங்க? நீ இந்தியில சொல்லு."

பள்ளியில் மொழிபெயர்ப்பில் நான்தான் முதல். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "பெரியப்பா ஆபீஸுக்குப் போயிருக்கார்."

"இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை."

"இல்லை அங்கிள், இது யாராவது வந்து கேட்டால் சொல்றதுக்கு."

சமையலறை வாசலில் நின்ற அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிள் தலையை ஆட்டினார். "அச்சா. அப்புறம்?"

போன மாதம் வந்தது, முதுகுவலி, பொங்கலுக்குப் போவது எல்லாவற்றையும் சொன்னேன். மாமா சொன்ன ரிப்பேர் ஆள் விஷயத்தைக் கூட விடவில்லை. யாரும் சிரிக்காதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"பெரியப்பா இப்போ எங்கே, பேட்டா?"

சின்ன அறையின் கதவு திறந்திருந்தது. ஆணியில் ஸ்வெட்டர் தெரிந்தது. அப்பாவைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கான பதிலை அம்மா சொல்லித் தந்திருக்கவில்லை. அதைவிட, இந்த மனிதர் சரியான வீடியோவை இன்னும் பார்க்கவில்லையே என்ற தவிப்பு. "அங்கிள், இது வெறும் சோதனை. பறந்தது அடுத்ததில் இருக்கு," என்று சொல்லி, கையை நீட்டி நானே இரண்டாவதைத் தட்டினேன்.

அவர் கை தடுக்க எழுந்தது. அதற்குள் படம் ஓடத் தொடங்கியிருந்தது.

அத்தனை நன்றாக வந்திருந்தது. பார்க், ஆன்ட்டிகளின் வட்டம், அசோக மரங்களின் உச்சி, சுவர், பெட்ஷீட். பிறகு எல்லாம் உருண்டு, படம் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. கேமரா தரையில் கிடந்தபடி பதிந்துகொண்டே இருந்தது. பால்கனியின் மூலையில் ஒரு ஸ்டவ், அதில் பருப்பு கொதித்தது. சுவரோரம் சுருட்டிய படுக்கை, அடுக்கிய இரண்டு சூட்கேஸ்கள், கொடியில் குழந்தைத் துணி. ஓர் இளம்பெண் பதறி எழுந்தாள். ஒரு கைக்குழந்தை தவழ்ந்து வந்து லென்ஸைத் தொட்டது. திரை முழுக்க உள்ளங்கை.

"அங்கிள், உங்க பால்கனியில் சமைக்கிற அக்கா யாரு?" என்று கேட்டேன். "ஆன்ட்டி கீழே பார்க்கில்தானே உக்காந்திருந்தாங்க?"

அவருடைய வீடும் அரசு வீடுதான். அதில் ஒரு பகுதியை அவர் வாடகைக்கு விட்டிருந்தார். நாங்கள் செய்த அதே குற்றம்தான், பிடிபட்டால் அதே தண்டனைதான். அவர் இந்த வீடியோவை முன்பே பார்த்துவிட்டு, நாங்கள் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வந்தாரா, முதல் வீடியோவோடு நிறுத்திவிட்டாரா என்பது தெரியவில்லை. காதோரம் சிவந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

அப்பா முதல்முறையாக வாயைத் திறந்தார். "மெஹ்மான் ஹோங்கே," என்றார். விருந்தாளிகளாக இருப்பார்கள்.

செக்ரெட்டரி அங்கிள் அப்பாவை நேராகப் பார்த்தார். "ஹான்," என்றார். "ஊரிலிருந்து வந்திருக்காங்க. ரெண்டு நாளில் போயிடுவாங்க." கொஞ்சம் பொறுத்து, "உங்க அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போல," என்றார்.

"ஆமா. வேலை அதிகம்," என்றார் அப்பா.

அங்கிள் ஆறிய காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கேமராவின் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். என் கன்னத்தைத் தட்டி, "புத்திசாலிப் பொண்ணு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா அன்றே முதல் வீடியோவை அழித்தார். இரண்டாவதை மட்டும் மாமாவிடம் பிரதி எடுக்கச் சொன்னார். "இது நல்லா வந்திருக்கு. பத்திரமா வை." அப்பா அதிகம் பாராட்டாதவர். நான் அன்று இரவு சந்தோஷமாகத் தூங்கினேன்.

அந்த வாரம் சோதனைக்கு வந்தவர்கள் செக்ரெட்டரி அங்கிள் வீட்டில் டீ குடித்தார்கள். அவரே அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். எங்கள் படிக்கட்டில் யாரும் ஏறவில்லை. அதற்கு முன்பே எதிர்ப் பால்கனியின் பெட்ஷீட் போய்விட்டிருந்தது. ஸ்டவ், சூட்கேஸ், கொடி எதுவும் இல்லை. கழுவிவிட்ட தரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

நான் மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாமா, இனி அங்க விழுந்தா எடுக்கது லேசு."

மாமா ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு ஹெலிகாப்டர் அலுத்துவிட்டது என்று நினைத்தேன்.

பெரியப்பா ரிட்டயர் ஆகும்வரை நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம். இப்போது ஜனக்புரியில் இருக்கிறோம். அந்த இரண்டாவது வீடியோ என்னிடம் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. குழந்தையோடு அவள் அந்த வாரம் எங்கே போனாள் என்பதும் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.