மதிவதனி டீச்சர் சொன்ன பதில்

கீழ்பென்னாத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் பத்தொன்பது வருடமாக அங்கன்வாடி நடத்துகிறவள் மதிவதனி. முட்டையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகூட அவள் ஊட்டினால் தின்றுவிடும். பிள்ளைக்கு எடை ஏறவில்லை, பல் முளைக்கவில்லை என்றால் ஊர்ப் பெண்கள் முதலில் அவளிடம்தான் வருவார்கள்.

பொன்னியும் அப்படித்தான் வந்தாள். மகள் அபிதாவுக்கு அப்போது ஒன்றரை வயது.

"பேரச் சொல்லிக் கூப்ட்டா திரும்பவே மாட்டேங்குறா டீச்சர்."

மதிவதனி சத்துமாவு பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "என் பையனே மூணு வயசுலதான் வாயத் தெறந்தான். பயப்படாதம்மா" என்றாள்.

ஆறு மாதம் கழித்துப் பொன்னி மறுபடி கேட்டபோதும் அதே பதில்தான். குழந்தைகளைப் பார்க்க மருத்துவக் குழு வேனில் வந்த அன்று, "சந்தேகப்படுற மாதிரி யாராச்சும் இருக்காங்களா?" என்று விசாரித்தார்கள். மதியம் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் மீட்டிங். போகிற அவசரத்தில், "எல்லாம் நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

மூன்று வயதில் அபிதா மையத்துக்கு வந்தாள். சுட்டிப் பெண். மற்ற பிள்ளைகள் எழுந்தால் எழுவாள், கைதட்டினால் தட்டுவாள். பேச்சுதான் வரவில்லை.

ஒருநாள் காலை பக்கத்து மனையில் போர்வெல் லாரி துளை போடத் தொடங்கியது. பிள்ளைகள் வீறிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்கள். சுவரோரம் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அபிதா மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தற்செயலாகத் திரும்பினாள். எல்லோரையும் பார்த்தாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, சிரித்துக்கொண்டே தானும் காதைப் பொத்திக்கொண்டாள்.

மதிவதனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லாரி ஓய்ந்ததும் அபிதாவின் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டாள். தட்டை எடுத்துத் தட்டினாள். குழந்தை பொம்மையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

மறுவாரமே பொன்னியையும் குழந்தையையும் திருவண்ணாமலையில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அபிதாவைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை; பிறவியிலிருந்தே அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் சோதித்த பெண்.

"ஏம்மா இவ்ளோ நாள் விட்டீங்க? முன்னாடியே வந்திருந்தா மெஷின் போட்டுப் பேச்சுப் பயிற்சி எப்பவோ ஆரம்பிச்சிருக்கலாமே?"

"எங்களுக்குத் தெரியலீங்க மேடம்" என்றாள் பொன்னி, தலையைக் குனிந்துகொண்டு.

பக்கத்தில் நின்ற மதிவதனி ரிப்போர்ட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். திரும்பும் பஸ்ஸில்தான், "அங்க நான் சொல்லியிருக்கணும் பொன்னி. தப்பு என்னுது" என்றாள்.

பொன்னி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவ கேட்டேன் டீச்சர்" என்றாள்.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வந்தது. வாரம் ஒருமுறை பயிற்சிக்குப் போகவேண்டும். பொன்னியின் புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். அவளோ மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவள். "சனிக்கிழமைல நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மதிவதனி. இரண்டு வாரம் யோசித்துவிட்டுத்தான் பொன்னி குழந்தையின் பையை அவள் கையில் கொடுத்தாள்.

அபிதாவுக்கு மெல்லும் பழக்கமும் இல்லை. போனில் படத்தைக் காட்டி, சோற்றைக் கூழாக மசித்து ஊட்டியே வளர்த்திருந்தார்கள். பயிற்சி தரும் ராஜராஜேஸ்வரி முதல் நாளே சொல்லிவிட்டாள்: "போன எடுத்துடுங்க. எதிர்ல உக்காருங்க, உங்க முகம் அவளுக்குத் தெரியணும். இட்லிய வாய்ல வைக்கிறதுக்கு முன்னாடி 'இட்லி'ன்னு சொல்லுங்க. அவளே மெல்லட்டும். ஏதாச்சும் சத்தம் கொடுக்கறாளான்னு காத்திருங்க."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டியவள், ஒரு குழந்தைக்கு எதிரே காத்திருக்க அப்போதுதான் கற்றாள்.

ஐந்தாம் மாதம், மையத்தில் மதியச் சாப்பாட்டின்போது வாழைப்பழத்தைக் காட்டி அபிதா, "தா" என்றாள். மதிவதனிக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்த நொடியே பொன்னியின் நினைவு வந்தது. பெற்றவள் கடலைக் காட்டில் குனிந்து நிற்க, இந்த முதல் சொல்லும் தன்னிடமா வந்து சேரவேண்டும்?

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு பழத்தைப் பொன்னியிடம் கொடுத்து, "நீ கொடு, கொஞ்சம் காத்திரு" என்று மட்டும் சொன்னாள். அபிதா மறுபடி "தா" என்றாள். பொன்னி குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதுதான் முதல் சொல் என்று இன்றுவரை நம்புகிறாள்.

மெஷின் மட்டும் போதாது என்று பிறகு அரசுக் காப்பீட்டில் சென்னையில் ஆபரேஷன் நடந்து, உள்காதில் கருவி பொருத்தினார்கள். இப்போது அபிதாவுக்கு ஐந்து வயது. பேசுகிறாள், பாதி புரியும், பாதி புரியாது.

போன மாதம் வேங்கிக்கால் மீட்டிங்கில், அந்தக் குழந்தையைக் கண்டுபிடித்ததற்காக மதிவதனிக்குச் சால்வை போட அழைத்தார்கள். அவள் மைக்கைக் கேட்டு வாங்கினாள்.

"கண்டுபுடிச்சது அவங்க அம்மா. ஒன்னும் இல்லன்னு சொல்லி ஒன்றரை வருஷம் கெடுத்தது நானு."

அதிகாரி விரித்த சால்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். பின் வரிசையிலிருந்து ஓர் இளம் டீச்சர் எழுந்தாள். "காது கேக்குதான்னு பின்னால நின்னு கூப்ட்டுப் பார்த்தா போதுங்களாக்கா?"

"போதாதும்மா. பெத்தவ சந்தேகப்பட்டா உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு. நீயா எதுவும் சொல்லாத."

சொல்லிவிட்டுச் சால்வையை வாங்காமலே இறங்கி, நாலு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.